பொங்கலுக்கு அடித்த வெள்ளை

சிரிக்கிறார். தான் எழுதியதைத் தானே வாசித்து, கேட்கிறவர்கள் சிரிப்பதற்குள் முந்திக்கொண்டு தானே சிரிக்கிற மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் அடுப்படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து விராலைச் சாம்பலில் புரட்டி உரசிக்கொண்டிருக்கிறேன். அவர் முன்னறையில், நல்ல நாற்காலி என்று நாங்கள் வைத்திருக்கிற ஒரே நாற்காலியில், காலை ஆட்டிக்கொண்டு வாசிக்கிறார். சந்திரமோகன் சார். மெட்ராஸ். அப்பாவோடு இருபது வருஷம் பழகியவர், அப்பா காசில் டீ குடித்தவர், அப்பாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர். அப்பா செத்து மூன்று வருஷத்தில் அப்பாவை எழுதியும் முடித்துவிட்டார். ஓவியர் மாசிலாமணி, ஒரு குறும்பு வாழ்க்கை. புத்தகத்துக்குப் பேரே அதுதான். அச்சுக்குப் போகும் முன்னால் எல்லாவற்றையும் அம்மா காதில் ஒரு தடவை போட்டுவிட வேண்டும், அம்மா வாயால் சரி என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் ஒரு கட்டு தாள். தொடைமேல் செல்போன், அது அம்மா பேசுவதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா அவருக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ ஏன் அம்மா சிரிக்கிறாய். செதில் ஒன்று தெறித்து என் உதட்டில் ஒட்டுகிறது. புறங்கையால் துடைத்தால் சாம்பலும் சேர்ந்து அப்பிக்கொள்கிறது. தூ. இந்த மீன் செத்த பிறகும் வழுக்குகிறது, பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது, இதற்காவது ரோஷம் இருக்கிறது.

“மாசிலாமணியின் வீட்டுக் கடிகாரத்துக்கு முள் கிடையாது,” என்று வாசிக்கிறார். “காலம் காட்டாத கடிகாரத்தின் கீழே உட்கார்ந்துதான் காலத்துக்கும் நிற்கிற படங்களை அவர் வரைந்தார்.” நிறுத்துகிறார். “எப்டிம்மா இருக்கு?” “நல்லாருக்கு தம்பி.” நல்லாருக்காம். முள் எப்படிப் போயிற்று என்று இவருக்குத் தெரியுமா? சாயத்தைச் சுரண்ட மெல்லிசாக ஒரு தகடு வேண்டும் என்று அப்பாதான் பெரிய முள்ளைப் பிடுங்கினார். அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது சின்ன முள்ளையும் பிடுங்கினார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நான் அறந்தாங்கி பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுத்தான் பையைத் தூக்கினேன். பஸ் பழுதாகி நின்ற நாளெல்லாம் நான் வகுப்புக்கு வெளியே நின்றேன். படம் காலத்துக்கும் நின்றது, பிள்ளை வெயிலில் நின்றது, அதையும் சேர்த்து எழுதுங்கள் சார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வரைவாராம், கலை பசியை வென்றதாம். கலை வென்ற பிறகு ராத்திரி திரும்பவும் பசி வரும், அப்போது விறகை ஊதிக் குழம்பைச் சுடவைத்தவள் யார் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், ஆட்டோக்காரர் கதைக்கு நானும் சிரித்துவிட்டேன். சில்லறை இல்லை என்று அப்பா ஒரு காக்காய் படம் வரைந்து கொடுத்தாராம், ஆட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீதிக் காசுக்கு நான் என்ன சார் வரைஞ்சு தரட்டும்” என்று கேட்டாராம். அது அப்பாதான். அப்படியே அப்பா. சிரித்த பிறகு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. நன்றாகத்தானே எழுதத் தெரிகிறது இந்த ஆளுக்கு, அப்புறம் ஏன் அந்த ஒன்றைப் போய்க் கதையாக்க வேண்டும். நேற்றே போனில் சொல்லிவிட்டார், “பொங்கல் வெள்ளையைப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்கும்மா, அங்கதான் கைதட்டு வாங்கப்போறேன்” என்று. அது இன்னும் வரவில்லை. வரும். ஒவ்வொரு தாளாக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சுலபத்தில் கோபம் வராது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குயிலியா, அது சிரிச்ச மூஞ்சி என்று. மாமியார் சண்டைக்கு வந்தால்கூட, இருங்கத்தை அடுப்பை அமத்திட்டு வாறேன், அப்புறம் தெம்பாச் சண்டை போடலாம் என்பேன், அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை போய்விடும். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், ஒன்று சொல்வார், உனக்குக் கோபம் வந்தாத்தான் மீன்குழம்பு உருப்படியா வருது, மாசத்துக்கு ஒரு தடவையாவது கோபப்படேன் என்று. இன்றைக்குச் சாப்பிட அவர் இல்லை, பழனி சவாரி போயிருக்கிறார். இன்றைக்குக் குழம்பு ஊர் மணக்கப் போகிறது. என் மகள் இனியாள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருக்கிறாள். பல் முளைக்கிற பருவம், எதைக் கண்டாலும் கடிக்கிறாள், கரண்டியைக் கடித்து, தட்டைக் கடித்து, இப்போது என் பின்னலைக் கடிக்கிறாள். கடி. நீயாவது கடி. புளியை ஊறவைத்தேனா? வைத்தேன். பூண்டு உரிக்க வேண்டும். மீனின் வயிற்றைக் கீறுகிறேன், குளிர்ச்சியாக ஏதோ விரல் வழியாக வழிகிறது, முட்டை. இது சினை மீன். கை அப்படியே நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது, எத்தனை சினை மீன் அரிந்திருக்கிறேன், சினையைத் தனியாக எடுத்து வறுத்தால் அம்மாவுக்குப் பிடிக்கும். எடு. தட்டில் வை. முன்னறையில் தாள் புரளுகிற சத்தம். “அடுத்தது இதாம்மா, நீங்கதான் கதாநாயகி.” அம்மா, “அய்ய, போங்க தம்பி,” என்கிறாள்.

வாசிக்கிறார். குரலே மாறிவிட்டது, மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொள்கிற குரல். “அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மாசிலாமணி ஊரிலேயே இருந்தார். முன்னறைச் சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு படம். காவிக்கல், அடுப்புக்கரி, மஞ்சள், அவ்வளவுதான் சாயம். பாயில் படுத்திருக்கும் தாய், அவள் கைக்குள் ஒரு குழந்தை. உறக்கம் என்று பேர் வைத்தார். ஊர்ப் பெண்களோ அதை அம்மன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். பிள்ளையில்லாதவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து அந்தத் தாயின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், குழந்தைக்கு டம்ளரில் பால் வைத்தார்கள். ஊரே கும்பிட்ட அந்த வீட்டில் நாத்திகர் ஒருவர் இருந்தார். ஓவியரின் மனைவி.” இங்கே ஒரு சிரிப்பு, அவருடையது. “மாசிலாமணி சென்னைக்குப் போயிருந்த நேரத்தில் பொங்கல் வந்தது. பொங்கல் வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். அங்கம்மாள் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்தார். அழுக்குச் சுவர் பளிச்சென்று ஆயிற்று. ஒரு வாளியில் எழுதிய கலை விமர்சனம், அதற்குப் பதில் சொல்ல மாசிலாமணிக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்பட்டது. திரும்பி வந்தவர் சுவரைப் பார்த்தார், நல்ல வெள்ளை என்றார், சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தவைதான் உலகம் கொண்டாடும் அவருடைய வெள்ளை ஓவியங்கள்.” அம்மா சிரிக்கிறாள். முந்தானை வாயில் இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, சத்தத்தில் துணி இருக்கிறது. “பாவம், ஒண்ணும் தெரியாமத்தானம்மா அடிச்சீங்க?” என்கிறார். “நான் படிக்காதவ தம்பி,” என்கிறாள் அம்மா. அழுக்குச் சுவராம். மீன் வழுக்கி அரிவாள்மனை பெருவிரலில் கோடாய்க் கீறிவிட்டது. உப்பும் சாம்பலும் ஏறி எரிகிறது. எரியட்டும்.

இந்தக் கதையை இவர் கண்டுபிடிக்கவில்லை. இது அப்பாவின் கதை. எனக்கு அதைப் பால்சோற்றோடு ஊட்டியிருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அப்பா வருவார், கூடவே தாடி வைத்தவர்கள் நாலு பேர், ஜோல்னாப் பை, பீடி வாசம், யாரோ ஒரு வெள்ளைக்காரர்கூட ஒரு தடவை வந்து எங்கள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். அம்மா கோழி அடித்துப் போடுவாள். எல்லோரும் கைநக்குகிற நேரம் பார்த்து அப்பா சுவரைக் காட்டுவார், “இதோ இதுதான் என்னோட மாஸ்டர் பீஸ், எம்பொண்டாட்டி காப்பாத்தி வச்சிருக்கா பாருங்க, யாரும் திருட முடியாது.” எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா ரசத்தோடு நிற்பாள். அம்மாவும் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதைக்கு மெருகு ஏறி ஏறி, வாளி வந்தது, விமர்சனம் வந்தது, நாத்திகர் வந்தது. ஒன்று மட்டும் வரவே இல்லை. நான் இனியாளைப் பெற்று வந்து இங்கே கிடந்தேன். முதல் பிள்ளை, பயம். அவள் தூங்கினால் எனக்குத் தூக்கம் வராது, மூக்குக்கு நேரே விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன், சூடாகக் காற்று பட்டால்தான் கையை எடுப்பேன். அதை அம்மா பார்த்துவிட்டாள். பின்கட்டில் எனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், சொம்பைத் தவலையிலேயே போட்டுவிட்டு, “அப்டி விரல் வைக்காதடி,” என்றாள். “எல்லாரும் வைக்கிறதுதானம்மா.” “நானும் வச்சேன். காத்து வரல.” வெந்நீர் முதுகில் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்குக் குளிர்ந்தது.

எனக்கு முன்னால் ஒருவன் இருந்தான். நான் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்னால். அண்ணன் என்று சொல்ல வேண்டும், சொல்லிப் பார்த்தால் வாய்க்குப் பழக்கமில்லை. ஐப்பசி மழை, வாய்க்கால் உடைத்து ரோடு முழுகி, பஸ்ஸும் இல்லை வண்டியும் இல்லை, இந்த வீட்டில்தான் பிறந்தான். ஒரு பகல் இருந்தான். மறுநாள் விடிகிறபோது அம்மா விரலை வைத்துப் பார்த்தாள். பேர்கூட வைக்கவில்லை. மருத்துவச்சி தூக்க வந்தபோது கொடுக்க மாட்டேன் என்று கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பாயில் கிடந்தாளாம். அப்போது அப்பா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கேட்டாள். “அப்டியே இரு அங்கம்மா, அசையாத, வெளிச்சம் போயிடும்,” என்றார். இதை அம்மா என்னிடம் சொன்னபோது அழவில்லை, கோபப்படவும் இல்லை, சீயக்காயைத் தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அசையாத. வெளிச்சம் போயிடும். நான் கேட்டேன், “அப்பா அழுதாராம்மா?” “அவருக்கு அழுகை கையிலதாண்டி வரும்.” இன்னமும் அந்த மனிதருக்காக வாதாடுகிறாள். சரி, கையில் வந்த அழுகை என்றே வைத்துக்கொள்கிறேன், கையில் அழுதுவிட்டுக் கீழே எதற்கு உறக்கம் என்று பேரை எழுத வேண்டும்? பிள்ளையைப் புதைத்த ஈரம் காயவில்லை, முன்னறையில் அதே பிள்ளை சுவர் உயரத்துக்கு. கார்த்திகை பிறந்ததும் அப்பா மெட்ராஸ் போய்விட்டார். அம்மா இங்கே. சோறு வடித்தால் அது தெரியும், கதவைத் திறந்தால் அது தெரியும். மார்பில் பால் கட்டிக்கொண்டு துணியை நனைத்தபடி இவள் நிற்கிறாள், வெள்ளிக்கிழமை யாரோ ஒருத்தி வந்து அவனுக்கு டம்ளரில் பால் வைத்துவிட்டு, எனக்கொரு பிள்ளையைக் குடு தாயே என்று விழுந்து கும்பிடுகிறாள்.

அவள் ஏன் பொங்கல் வரைக்கும் பொறுத்தாள் என்பதுதான் இவர்களுக்குப் புரியாது, இது ஊரில் இருந்து தெரிய வேண்டிய விஷயம். சும்மா ஒரு நாளில் அந்தச் சுவரைத் தொட்டிருந்தால் தெருவே அம்மாவை அடித்துப் போட்டிருக்கும். அம்மனையா அழிக்கிறே, வாழுவியா என்று மண்ணைத் தூற்றியிருப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் எந்த வீட்டுச் சுவரையும் எவரும் வெள்ளையடிக்கலாம், யாரும் வாய் திறக்க முடியாது. அடிக்காவிட்டால்தான் கேட்பார்கள். தாழியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது கொதித்து அடங்குகிற வரை பக்கத்தில் நின்று, பூசுவதற்கு நார்மட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு உள்ளே போயிருக்கிறாள். ஒண்ணும் தெரியாமல் அடித்தாளாம். மாசியில் அப்பா வந்தார். நல்ல வெள்ளை என்றெல்லாம் சொல்லவில்லையாம். வாசல்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போய்ப் படுத்துக்கொண்டார். “ஏன் அடிச்சேன்னு கேக்கலியாம்மா?” “கேக்கல.” “அப்புறமாவது?” “இல்லடி. குனி, தண்ணி ஊத்தணும்.” கடைசியில் என் தலையைத் துவட்டும்போது, இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லாத, உம்புருசன்கிட்டகூட, என்று என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியம்தான் இப்போது என் தொண்டையில் விரால் முள்ளாய் நிற்கிறது.

வெந்தயம் பொரிகிறது. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய். கண்ணீர் வருகிறது, வெங்காயத்துக்கு நல்ல பேர். அப்பாவை வெறுக்கிறேனா என்று கேட்டால் இல்லை, அதுதான் பெரிய எரிச்சல். தோளில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கண்மாயைக் காட்டி, தண்ணி என்ன கலரு சொல்லு என்பார். நீலம் என்பேன். நல்லாப் பாரு என்பார். பச்சை. இன்னும் நல்லாப் பாரு. கடைசியில் எனக்கு அழுகை வந்துவிடும். அவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்த மனிதர். அவர் செத்த மறுவருஷம் மெட்ராஸில் பெரிய ஹாலில் அவர் படங்களை வைத்திருந்தார்கள், நான் வயிற்றில் இவளைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். ஒரு சுவர் முழுக்க வெள்ளை ஓவியங்கள். ஒரு அம்மாள், கழுத்தில் பெரிய பெரிய மணி, யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார், இது மௌனம், இது சூன்யம் என்று. நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். கட்டி கட்டியாய் வெள்ளை, அதற்கடியில் எங்கேயோ ஒரு காவிச் சிவப்பு, துடைத்தும் போகாத கறை மாதிரி. அப்போது எனக்கு அந்த விஷயம் தெரியாது, எங்க வீட்டுச் சுவர் மாதிரியே இருக்கே என்று மட்டும் நினைத்து அசட்டுத்தனமாகச் சிரித்தேன். இப்போது தெரியும். சுவர் அம்மா அடித்தது, மூலையில் கையெழுத்து அப்பாவுடையது. அப்படியானால் அம்மா ஏன் அடித்தாள் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்துகொண்டே நாலு பேர் நடுவில் கோழி எலும்பைக் கடித்தபடி அந்தக் கதையைச் சொன்னாரே, அது என்ன மனசு. ஒருவேளை சிரிக்காவிட்டால் அந்த அறையில் அவரால் உட்கார முடியாதோ என்னவோ. இருக்கட்டும். உனக்கு உட்கார முடியாது என்பதற்காக அம்மாவை ஏன் அப்பா நிற்கவைத்தாய், ரசத்தோடு. புளித்தண்ணீரை ஊற்றுகிறேன், சட்டி சீறுகிறது. இனியாளின் சத்தம் எங்கே? தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கரண்டியைக் கட்டிக்கொண்டு வெறுந்தரையில் தூங்கிவிட்டாள், வாய் திறந்து. விரல் அதுவாகவே போகிறது. வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். திரும்பவும் போகிறது. காற்று வருகிறது. வருகிறது.

“கடைசி அத்தியாயம்தாம்மா முக்கியம்,” என்கிறார் அங்கே. “அதுக்குத்தான் நேர்ல வந்தேன்.” “டெல்லியில ஒரு குழு இருக்கும்மா. பழைய கோயில் சுவர்லயெல்லாம் மேல அடிச்ச சுண்ணாம்பை மட்டும் பொறுமையாச் சுரண்டி எடுத்து, அடியில இருக்கிற படத்தைச் சேதமில்லாம வெளிய கொண்டு வந்துடுவாங்க. பேசிட்டேன். வர்றேன்னுட்டாங்க. நீங்க அழிச்சதா எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம். இல்லம்மா! நீங்க பத்திரப்படுத்தியிருக்கீங்க! சுண்ணாம்புக்குக் கீழ அது அப்டியே இருக்கும், சாயம்கூட மங்கியிருக்காது. புத்தகத்தோட கடைசி வரியே அதுதான். மாசிலாமணியின் குழந்தை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பப் போகிறோம்.” சத்தியமாகச் சொல்கிறேன், கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. எழுப்பப் போகிறார்களாம். கத்தியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு, எங்கள் முன்னறையில் உட்கார்ந்து. கால் தெரியும் முதலில், அப்புறம் கை, அப்புறம். போட்டோ எடுப்பார்கள். காலண்டரில் போடுவார்கள். கழுத்தில் மணி போட்ட அம்மாள் வந்து நின்று, என்ன அமைதியான உறக்கம் என்பார். “வெளிய வந்துட்டா இந்த வீடே ஒரு கோயில் மாதிரி ஆயிடும்மா. ஜனங்க தேடி வருவாங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இதுல பதிவாயிடும்.” அம்மா இதற்கு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பசு கேட்டு வந்தாலும், பந்தலுக்கு மூங்கில் கேட்டு வந்தாலும், வீட்டுக்கு வந்தவர் என்ன கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான், அதுக்கென்ன. இல்லை என்கிற வார்த்தையை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. இப்போது சொல்லப் போகிறாள், அதுக்கென்ன தம்பி என்று. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. “அதுக்கெ—”

நான் போய் நின்றுவிட்டேன். எப்படி வந்தேன், தெரியாது, நிலைப்படியில் நிற்கிறேன், முழங்கை வரை செதில், பெருவிரலில் ரத்தம், சேலை இழுத்துச் செருகியது செருகியபடி. “சார்.” நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். “வாசனை தூக்குதேம்மா குயிலி! உங்கப்பா அடிக்கடி சொல்வாரு, எங்க வீட்டு மீன்கொழம்பு ஒரு ஓவியம்னு.” “சார், அம்மா ஏன் வெள்ளையடிச்சாங்கன்னு நீங்க கேட்டீங்களா?” “அதான் எழுதியிருக்கேனேம்மா, பொங்கலுக்கு.” “அது எப்பன்னுதான் சார். நான் ஏன்னு கேட்டேன்.” என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, ஓட்டைத் தகரத்தை இழுத்த மாதிரி. “இருபது வருசமா வர்றீங்க போறீங்க. எங்கப்பாரு எத்தனை மணிக்கு எந்திரிச்சாரு, எந்த பீடி குடிச்சாரு, எல்லாம் கேட்டீங்க. என்னைக்காவது ஒரு நாள் அம்மாகிட்ட அந்த ஒண்ணைக் கேட்டீங்களா?” “குயிலி,” என்கிறாள் அம்மா. அதட்டல் இல்லை, பேரை மட்டும் சொல்கிறாள். சத்தியம் ஞாபகம் வருகிறது, அவள் தலைமேல் வைத்த கை, வாயை மூடிக்கொள்கிறேன், மூடின வாய்க்குள் பல் நறநறக்கிறது. நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் நான் எடுத்துச் சொன்ன கதையாகிவிடும், அப்பா சொன்னது ஒன்று, இந்த ஆள் சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவருடைய முகத்தில் சிரிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. காலாட்டுவது நின்றுவிட்டது. தாள்களைப் பார்க்கிறார், திரும்பி முதுகுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவரை ஒரு தடவை பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார். வந்ததிலிருந்து இப்போதுதான் அம்மாவைப் பார்க்கிறார்.

“ஏம்மா அடிச்சீங்க?”

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்கிறாள். மடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிடுகிறாள். அவள் வாய் இவ்வளவு சின்னதா? துணி இல்லாமல் பார்த்து ரொம்ப நாளாயிற்று போல. “அந்தப் புள்ள தூங்கல தம்பி,” என்கிறாள். அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிகிறது. புரிவதை நான் பார்க்கிறேன், கழுத்திலிருந்து மேலே ஏறுகிறது. “பெறந்து ஒரு பகலு இருந்துச்சு. அது எறந்து எங்கையிலதான் கெடந்துச்சு, அவரு உக்காந்து எழுதுனாரு. தூங்குதுன்னு அவரு பேரு வச்சாரு, நான் ஒண்ணும் சொல்லல. அவருக்கு அப்டி.” செல்போனின் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கிறது. அவர் கை அதை அணைக்கப் போகிறது, போய், பாதியில் நிற்கிறது. “சுண்ணாம்பு அடிச்சவொடனே ஒண்ணும் மறையாது தம்பி. ஈரத்துல உள்ள இருக்கது அம்புட்டும் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். நான் எதுக்க உக்காந்திருந்தேன். மொதப் பூச்சுல பாயி போச்சு, என் சேலை போச்சு, என் மூஞ்சியும் போயிருச்சு. அது மூஞ்சி மட்டும் போகல. கரியால அழுத்தி எழுதியிருந்தாரு. அதுக்கு மேல இன்னொண்ணு அடிச்சு உக்காந்தேன். காஞ்சுச்சு. அப்பவும் தெரிஞ்சுச்சு, கன்னம் மட்டும். பொழுது சாஞ்சுருச்சு, பக்கத்து வீட்டுல பொங்கப்பானைக்கு மஞ்சக்கொத்து கட்டிக்கிட்டு இருக்காக, என்ன அங்கம்மா இன்னமுமா அடிக்கிறேங்கிறாக. நான் மூணாவது பூச்சு அடிச்சேன்.”

எனக்குத் தெரியாது. இது எனக்குச் சொல்லவே இல்லை. எல்லாம் தெரியும் என்று செதில் கையோடு வந்து நிற்கிற எனக்கு இந்த மூன்று பூச்சு தெரியாது. கேட்டிருக்கலாம், வெந்நீர் ஊற்றும்போது. அப்பா கேட்டாரா, அப்பா கேட்டாரா என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் என்னிடமே திரும்பி வந்து நிற்கிறது, அதற்கும் இடமில்லை. உள்ளே குழம்பு கொதித்து வழிகிற சத்தம், அடுப்பு புகைகிறது, போக வேண்டும், நிலைப்படியிலேயே நிற்கிறேன். சந்திரமோகன் சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். எழுந்தவர் எங்கே நிற்பது என்று தெரியாமல், அந்தச் சுவரில் முதுகு பட்டுவிடாமல் தள்ளி, தரையில் அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருகிறார். தாள்கள் நாற்காலியிலேயே கிடக்கின்றன. “இதை நான் எழுதட்டுமாம்மா?” என்று கேட்கிறார்.

“கேட்டீங்க, சொன்னேன். எழுதுறதும் எழுதாததும் உங்க பாடு,” என்கிறாள் அம்மா. “சுவத்துல மட்டும் கை வைக்க வேணாம்.”